வெட்சியின் ஊரும் வேரும்: இட்லிப்பூச் செடி ஏன் மஞ்சளாகிறது?

சென்னைப் புறநகரில் புதிதாகக் கட்டி முடித்த அடுக்குமாடிக் குடியிருப்பு எதற்குள்ளாவது நுழைந்து பாருங்கள். கேட்டிலிருந்து லிஃப்ட் வரைக்கும் நடைபாதையின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் ஒரு செடி வரிசை இருக்கும். மேல்பக்கத்தை மேஜை மாதிரி சமமாக வெட்டியிருப்பார்கள். குடிவந்த முதல் வருடம் கரும்பச்சை இலையும் சிவப்புக் கொத்துமாக இருந்த செடி, இரண்டாம் வருடம் வெளிறத் தொடங்கும். மூன்றாம் வருடம் துளிர் முழுக்க மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பூ எப்போதாவது, கத்தரிக்குத் தப்பிய ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது எழுந்து, "தோட்டக்காரர் தண்ணியே விடறதில்லை" என்பார்கள். தோட்டக்காரர், "யூரியா வாங்கிக் குடுங்க சார், சரியாயிடும்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் தப்பு.

அந்தச் செடிதான் இட்லிப்பூ. உருண்டையாக உப்பி நிற்கும் கொத்தைப் பார்த்து யாருக்கோ இட்லி நினைவு வந்திருக்கிறது. நர்சரியில் கேட்டால் இக்ஸோரா. பூஜைக்குப் பறிக்கிறவர்கள் பலர் விருட்சிப்பூ என்பார்கள். கேரளத்திலும் அதை ஒட்டிய நம் ஊர்களிலும் தெச்சி, செத்தி. சிங்களத்தில் ரத்மல், அதாவது செம்பூ. பழந்தமிழில் இதன் பெயர் வெட்சி. இத்தனை பெயர் ஒரு செடிக்கு இருக்கிறதென்றால் அது எங்கிருந்தோ கப்பலில் வந்து இறங்கியது இல்லை என்று அர்த்தம். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் வெட்சியின் சொந்த ஊர்.

சொந்த ஊர்ச் செடி, சொந்த ஊரிலேயே ஏன் இப்படி நோயாளி மாதிரி நிற்கிறது? 'நாட்டுச் செடி வைத்தால் பராமரிப்பே வேண்டாம், தானாக வளரும்' என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நாடு என்பது பெரிய சொல். செடிக்கு நாடு கிடையாது. மண் உண்டு, மழை உண்டு, நிழல் உண்டு. மேற்கு மலை அடிவாரத்து மண்ணுக்கும் சென்னைப் பெரும்பாக்கத்துக் கட்டட மண்ணுக்கும் உள்ள தூரம், ரயில் தூரத்தைவிட அதிகம்.

மலைச் செடி

இந்த விஷயத்தில் தாவரவியல் புத்தகத்துக்கு முன்னால் தொல்காப்பியத்தைத் திறந்துவிடலாம். போரின் முதல் கட்டம் எதிரி நாட்டு மாடுகளைக் கவர்ந்து வருவது. அதற்குப் போகிற வீரர்கள் சூடும் பூ வெட்சி. அதனால் அந்தத் திணைக்கே அதுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். ஆனால் இந்தத் திணையைத் தொல்காப்பியம் குறிஞ்சியின் புறமாக, அதாவது குறிஞ்சி என்ற அகத்திணைக்கு இணையான புறத்திணையாக, வைக்கிறது என்பதைக் கொஞ்சம் நிறுத்திக் கவனிக்க வேண்டும். குறிஞ்சி என்றால் மலை. அகநானூற்றில் ஒரு பாட்டு, வெட்சியின் முற்றிய மொட்டை 'இதல்' என்ற பறவையின் கால் முள்ளுக்கு ஒப்பிடுகிறது. கௌதாரி இனம் என்று பொருள் கொள்கிறார்கள். அந்தப் பூ உதிர்ந்து கிடக்கும் இடமும் பாறைதான். விரியாத வெட்சி மொட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். நீளமான மெல்லிய குழல், அதன் முனையில் கூரான முகை. சேவலின் கால் முள்ளேதான். அதைச் சொன்ன புலவர் செடியின் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருமுருகாற்றுப்படையில் முருகன் மலையில் ஆடும் சூரரமகளிர் என்ற தெய்வப் பெண்கள் தலையில் செருகிக்கொள்வதும் வெட்சி இதழ்தான். எங்கே பார்த்தாலும் பாறை, மலை, காட்டு ஓரம்.

இன்றைக்கும் அது காடாக வளரும் இடங்கள் அவைதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம், கேரளத்தின் செம்மண் மேடுகள், இலங்கையின் ஈரப்பகுதி. மழை நன்றாகப் பெய்யும், ஆனால் தண்ணீர் நிற்காத சரிவு. பெரிய மரம் விட்ட இடைவெளியில் பாதி வெயில். மேலே எப்போதும் சருகு விழுந்து மட்கிக்கொண்டிருக்கும் மண். அங்கே ஆள் உயரத்துக்கும், சில இடங்களில் அதற்கு மேலும், பல கிளையோடு அடர்த்தியாக வளர்ந்து நிற்கும்.

மேலை நாட்டாருக்கு இந்தச் செடி அறிமுகமானதும் அங்கிருந்துதான். கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீடு, மலபார்ச் செடிகளைப் பற்றி 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற நூலை 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சிட வைத்தார். இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்கள் சொல்லக் கேட்டு எழுதியதால் செடிகளுக்கு அங்கே மலையாளப் பெயர்கள். வெட்சி அதில் 'செத்தி'. பின்னால் 1753இல் லின்னேயஸ் இதற்கு இக்ஸோரா காக்சினியா என்று பெயரிட்டார். காக்சினியா என்றால் செந்நிறம். இக்ஸோரா? ஈஸ்வரன் என்ற சொல் போர்ச்சுக்கீசிய வாயில் நுழைந்து வெளியே வந்த வடிவம் அது. ஆக, நர்சரியில் 'இக்ஸோரா ஒண்ணு குடுங்க' என்று இங்கிலீஷாக நினைத்துக் கேட்கிறவர், சிவனைத்தான் கூப்பிடுகிறார்.

இந்த ஒரு பேரினத்தில் மட்டும் உலகம் முழுக்க 500க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நம் கிழக்குக் கரையோரக் கோயில் காடுகளில் வெள்ளைப் பூப் பூக்கும் சுலுந்து இதன் நெருங்கிய சொந்தம். அதன் குச்சியைப் பந்தமாகக் கொளுத்துவார்கள். காப்பியும் மஞ்சணத்தியும் ஒன்றுவிட்ட உறவு. கடல் கடந்து போன வெட்சிக்கும் குறைவில்லை. தென் அமெரிக்காவில் சுரினாம் நாட்டுக்காரர்கள் இந்தப் பூவை 'ஃபாயா லோபி', தீக்காதல், என்று அழைத்துத் தங்கள் நாட்டின் மலராகவே கொண்டாடுகிறார்கள். நாம் இட்லி என்கிறோம். சரி, அவரவர் பசி.

இரும்பு மண்ணில் பிறந்து இரும்புக்கு ஏங்கும் செடி

இப்போது அந்த மஞ்சள் இலைக்கு வருவோம்.

மேற்குக் கரையில் மழை அதிகம். லட்சக்கணக்கான வருட மழை, மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்விட்டது. கரையாத இரும்பும் அலுமினியமும் மேலே தங்கிவிட்டன. செம்பூராங்கல் என்கிறோமே, பள்ளிப் பாடத்தில் சரளை மண் என்று படித்தோமே, அது இப்படி உண்டானதுதான். அதன் சிவப்பு இரும்பின் துரு. சுண்ணாம்பு போய்விட்டதால் அந்த மண் புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ளது. புளிப்பை அளக்கும் பிஎச் என்ற அளவில் 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். அந்த பிஎச் 5க்கும் 6க்கும் நடுவில் இருந்தால் வெட்சிக்கு ரொம்பப் பிடிக்கும்.

அமில மண்ணில் இரும்பு வேருக்குச் சுலபமாகக் கிடைக்கும். அதனால் வெட்சி வேர், இரும்பைக் கஷ்டப்பட்டுத் தேடிப் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டுச் சாப்பாட்டிலேயே வளர்ந்த பையன் மாதிரி. அவனைக் கொண்டுவந்து நாம் எங்கே விடுகிறோம்? கட்டடம் முடிந்ததும் மிஞ்சிய ஜல்லி, கலவை, உடைந்த பூச்சு எல்லாவற்றையும் ஒரு ஓரமாகத் தள்ளி, அதன்மேல் அரை அடி செம்மண்ணைப் பரப்பி, அதில் நட்டுவிடுகிறோம். ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், இன்னொரு பக்கம் நடைபாதைக் கல். சிமென்டிலிருந்து சுண்ணாம்பு மழைக்கு மழை கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீரோ போர்த் தண்ணீர், அதாவது ஆழ்குழாய்க் கிணற்று நீர். குழாய் வாயில் வெள்ளைப் படிவம் கட்டும் தண்ணீர். அந்த வெள்ளைக்குக் காரணமான உப்புகள் தினம் தினம் மண்ணில் சேர்ந்து, மண் காரமாகிவிடுகிறது. பிஎச் 8ஐ எட்டிவிடும்.

இதனால் மண்ணிலிருந்து இரும்பு காணாமல் போவதில்லை, அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் கரையாது. பிஎச் ஒரு புள்ளி ஏறினால், மண் ஈரத்தில் கரைந்து நிற்கும் இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்பது வேதியியல் கணக்கு. பிஎச் 6இலிருந்து 8 என்றால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். பீரோ நிறையப் பணம் இருக்கிறது, சாவிதான் இல்லை.

இரும்பு இல்லாமல் செடியால் பச்சையம் தயாரிக்க முடியாது. பழைய இலையில் இருக்கும் இரும்பைப் பிடுங்கிப் புது இலைக்கு அனுப்பவும் செடிக்கு வழியில்லை. அதனால்தான் மஞ்சள் எப்போதும் நுனித் துளிரில் தொடங்குகிறது. அடி இலைகள் பச்சையாகவே இருக்கும். இந்த ஒரு அடையாளம் போதும், பாதிச் சண்டையைத் தீர்த்துவிடலாம். யூரியா தருவது தழைச்சத்து. அந்தத் தழைச்சத்துக் குறை என்றால் நேர் எதிர், அடி இலை முதலில் பழுக்கும். ஆகவே நுனி மஞ்சளுக்கு யூரியா போட்டால் செடி வேகமாக இன்னும் நாலு துளிர் விடும். அந்த நாலும் மஞ்சளாக இருக்கும். தண்ணீரை அதிகமாக விட்டால் வேருக்குக் காற்று கிடைக்காமல் நிலைமை இன்னும் மோசமாகும்.

உடனடிக்கு, அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் போட்டு, கூடவே ஒரு கிராம் எலுமிச்சை உப்பையும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, வெயில் தாழ்ந்தபின் துளிர் நனையத் தெளிக்கலாம். 10, 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. இலை வழியாக நேராகக் கொடுப்பதால் மண்ணின் காரம் குறுக்கே வராது. நடைபாதைக் கல்லில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துருக்கறை விழுந்தால் போகாது, அதற்கும் கூட்டத்தில் எழுந்து பேசுவார்கள். அதே உப்பை வேரில் போட்டால் கார மண் இரண்டு நாளில் அதையும் பூட்டி வைத்துவிடும். வேரில் போடத்தான் வேண்டும் என்றால் கடையில் இரும்புச் செலேட் என்று கேட்க வேண்டும். மண் பூட்டாதபடி இரும்பைப் பொதிந்து வைத்த உரம் அது. அதிலும் இடிடிஏ என்று போட்டிருப்பது கார மண்ணில் தாக்குப்பிடிக்காது, இடிடிஎச்ஏ என்று இருப்பதுதான் நிற்கும். விலை கையைக் கடிக்கும்.

வீடுகளில் ஒரு வைத்தியம் ஓடுகிறது: வடிகட்டிய காப்பித்தூளைக் கொட்டுவது. காப்பி புளிப்பு, ஆகவே மண் புளிக்கும் என்ற நம்பிக்கை. காப்பித்தூளின் அமிலம் பெரும்பாலும் டிகாக்ஷனோடு உங்கள் வயிற்றுக்குப் போய்விட்டது; மிஞ்சிய சக்கை கிட்டத்தட்ட நடுநிலைதான். மட்கினால் நல்ல எரு, அவ்வளவே. கந்தகத் தூள் மண்ணைப் புளிக்க வைக்கும், ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க மாதக்கணக்கில் ஆகும்; சுண்ணாம்புக் கட்டிகள் கலந்த மண்ணாக இருந்தால் எத்தனை கிலோ போட்டாலும் விழுங்கிவிடும்.

நிஜமான தீர்வு குழி தோண்டுவதில் இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, அதே ஆழம். கட்டடக் குப்பையை வெளியே எடுத்துவிட வேண்டும். சுண்ணாம்பு கலக்காத செம்மண், நன்றாக மட்கிய குப்பை உரம், இலைமட்கு. மேலே மூன்று விரல் கனத்துக்குச் சருகு மூடாக்கு. சுவரை ஒட்டி நடாமல் இரண்டடியாவது தள்ளி நடுவது. முடிந்தால் மழைநீர்த் தொட்டித் தண்ணீர். மழைநீர் லேசான புளிப்பு உள்ளது, போர்த் தண்ணீரின் உப்பு அதில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்ததும் மஞ்சளாக நின்ற செடி தானாகவே பச்சை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தோட்டக்காரர் ஒன்றும் செய்யவில்லை. மழை அந்த மண்ணைக் கழுவி, சில வாரத்துக்கு வெட்சியை அதன் ஊருக்குக் கூட்டிப் போய்க் காட்டியது.

பூ நுனியில்தான் இருக்கிறது

பூக்காததற்குக் காரணம் மண் மட்டும் இல்லை, கத்தரியும்தான்.

வெட்சி, கிளையின் நுனியில் பூப்பது. புதுத் துளிர் வளர்ந்து, முற்றி, அதன் முனையில் கொத்து வர வேண்டும். ஒரு கொத்தில் ஐம்பது அறுபது பூக்கூட இருக்கும். வெட்டியதிலிருந்து மறுபடி பூ வர இரண்டு மாதம் போல ஆகும். நம் ஒப்பந்தத் தோட்டக்காரர்களோ மாதம் ஒருமுறை இயந்திரக் கத்தரியோடு வந்து மேலாக ஒரே சீராக வழித்துவிட்டுப் போகிறார்கள். முகை வைக்கப் போகும் நுனி எல்லாம் குப்பைக் கூடையில். சதுரமாக ஒரு பச்சைச் சுவர் வேண்டும் என்றால் அதற்கு வேறு செடிகள் இருக்கின்றன. வெட்சியை நட்டு, அதைப் பூக்கவிடாமல் வெட்டுவது, பாட்டுக்காரரைக் கூப்பிட்டு வாயைக் கட்டி மேடையில் உட்கார வைப்பது போலத்தான்.

வெட்டவே கூடாது என்று இல்லை. ஒரு பூப்பு முடிந்ததும், வாடிய கொத்துக்குக் கீழே இரண்டு கணு தள்ளிக் கைக்கத்தரியால் வெட்டலாம். அங்கிருந்து இரண்டு மூன்று கிளை பிரியும், அடுத்த முறை அத்தனை கொத்து. உள்ளே அடைந்துபோன முதிய கிளைகள் ஒன்றிரண்டை வருடத்துக்கு ஒருமுறை அடியோடு எடுத்தால் காற்றோட்டம் வரும், மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் குறையும். அந்தப் பூச்சிகள் விட்டுவைக்கும் இனிப்புக் கசிவில்தான் இலை மேல் கரி பூசினாற்போலக் கரும்பூசணம் படர்கிறது.

வெட்டாமல் விட்ட கொத்தில் நடப்பதை ஒரு நாள் காலையில் உட்கார்ந்து பார்க்கலாம். வெட்சியின் மகரந்தப் பை, பூ மலர்வதற்கு முன்னாலேயே, மொட்டுக்குள்ளேயே வெடித்துவிடும். நடுவில் நிற்கும் சூல்தண்டின் மேல் அந்த மகரந்தம் அப்பிக்கொள்ளும். நான்கு இதழும் விரிந்ததும் சூல்தண்டு நேராக நீட்டிக்கொண்டு, தன்னுடையதல்லாத வேலையைச் செய்யும்: வருகிற பூச்சியின் மேல் மகரந்தத்தைத் தடவும். அந்த வேலை முடிந்த பிறகுதான் அதன் முனை இரண்டாகப் பிளந்து, வேறு செடியிலிருந்து வரும் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளத் தயாராகும். முதலில் கொடுப்பது, பிறகு வாங்குவது. குழல் அவ்வளவு நீளம், அவ்வளவு ஒடுக்கம். அடியில் இருக்கும் தேனை எட்ட நீண்ட உறிஞ்சுகுழல் வேண்டும். அதனால்தான் வெட்சிக்கு வண்ணத்துப்பூச்சிகளே முக்கிய விருந்தாளி. பெரிய கறுப்பு அழகிகள் இறக்கையைப் படபடத்துக்கொண்டே கொத்துக் கொத்தாகத் தாவும். குழந்தைகளும் விருந்தாளிகள்தான்: பூவைக் கிள்ளி, நடுத்தண்டை மெதுவாக உருவி, நுனியில் வரும் ஒரு சொட்டுத் தேனை நக்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் கொஞ்சம் பேர்தான். இப்போது அதைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன் பூச்சிமருந்து அடித்தார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தேன் குடிக்க வருவது வேறு, குடும்பம் நடத்துவது வேறு. நீலன் குடும்பத்தைச் சேர்ந்த, மங்கி பசில் என்று இங்கிலீஷில் விநோதப் பெயர் பெற்ற ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சியின் புழு வெட்சி இலையைத் தின்று வளர்கிறது. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புக்கும் இந்த விறைப்பான இலை ரொம்பப் பிடிக்கும். சங்கப் பாட்டில் முயிறு என்று வருவது அதுதான். பட்டாணி அளவுக் காய் சிவந்து, கறுத்துப் பழுத்தால் கொண்டைக்குருவி வரும். நாமும் தின்னலாம், லேசான இனிப்பு.

நாட்டு இட்லிப்பூவும் மினி இக்ஸோராவும்

நர்சரியில் இன்று பெரும்பாலும் கிடைப்பது பழைய வெட்சி இல்லை. இரண்டு அங்குலத்துக்கும் குறைந்த இலையோடு, குட்டையாக, நெருக்கமாக வளரும் 'மினி இக்ஸோரா'. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பிங்க், வெள்ளை எல்லாம் உண்டு. தென்கிழக்காசியாவிலும் சீனத்திலும் வளரும் வேறு இக்ஸோரா இனங்களும் வெட்சியும் கலந்து, உலகத்தின் பல மூலைகளில் தேர்ந்தெடுத்து, தோட்டச் சந்தைக்கென்றே உருவான ரகங்கள் இவை. ஒருவகையில் வெளிநாடு போய்ப் பெயரையும் சட்டையையும் மாற்றிக்கொண்டு திரும்பிய நம் ஊர்ப் பையன்.

அடையாளம் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. நாட்டு வெட்சியின் இலை கிட்டத்தட்ட காம்பே இல்லாமல், அடிப்பகுதி இதயம் போல வளைந்து தண்டைத் தழுவிக்கொண்டு இருக்கும். இதழின் முனை கூராக இருக்கும். சீன இனத்தின் இதழ் முனை மழுங்கி உருண்டையாக இருக்கும். மொட்டு கௌதாரி முள் மாதிரி இருந்தால் நம்முடையது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் புலவரின் உவமை இன்றைக்கும் நர்சரியில் பயன்படுகிறது.

மினி ரகங்களை நான் பழிக்கவில்லை. முழங்கால் உயர ஓரக்கட்டுக்கும், பால்கனித் தொட்டிக்கும் அவைதான் வசதி. ஆனால் ஆறடி வளரக்கூடிய நாட்டு வெட்சியை முழங்கால் உயரத்தில் வெட்டிக்கொண்டே இருப்பதும், ஒன்றரை அடி மினி ரகத்தைச் சுவரை மறைக்க நட்டுவிட்டுக் காத்திருப்பதும் வெட்டிவேலை. முதலில் எவ்வளவு உயரம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுச் செடி வாங்கினால் கத்தரிக்கு வேலையே இருக்காது. இன்னொன்று, மினி ரகங்களில் பழம் பிடித்து நான் பார்த்தது அரிது. பறவை வர வேண்டும் என்றால் நாட்டுச் செடிதான்.

எங்கே வைக்கலாம், எங்கே வேண்டாம்

வெட்சியின் அழகு முழுதாகத் தெரிவது வெள்ளைச் சுவருக்கு முன்னால். கேரளக் கோயில்களின் சுற்றுப்புறத்தில், சுண்ணாம்பு அடித்த மதிலுக்கு முன்னால் ஆள் உயரத்துக்குத் தன்போக்கில் வளர்ந்து நிற்கும் தெச்சியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பூ பறித்துப் பறித்தே அவற்றுக்கு வடிவம் வந்திருக்கும். பூ பறிப்பது என்பதே நுனியை அளவாகக் கிள்ளுவதுதானே. அர்ச்சகரின் விரல்தான் அங்கே கத்தரி.

வீட்டின் கிழக்குப் பக்கம் சிறந்த இடம். காலை வெயில் நாலைந்து மணி நேரம் கிடைத்து, பின்மதிய அனல் படாமல் இருந்தால் இலை பளபளப்பாக நிற்கும். முழு வெயிலிலும் பூக்கும், ஆனால் தண்ணீர் தவறக்கூடாது. அடர்ந்த மாமர நிழலில் இலை மட்டும் இருக்கும். வரிசையாக வேலி போல வேண்டும் என்றால் நாட்டு ரகத்துக்கு மூன்றடி இடைவெளி, மினிக்கு ஒன்றேகால் அடி. முதல் வருடம் இடைவெளி பல்லிளிக்கும், உடனே நடுவில் இன்னொரு செடியைச் செருகச் சொல்வார்கள். செருகாதீர்கள். வெட்சி மெதுவாக வளர்வது. மூன்றாம் வருடம் கை கோத்துக்கொள்ளும்.

பள்ளிக்கூடம், பூங்கா, குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றுக்கு வெட்சி நிம்மதியான செடி. முள் கிடையாது, விஷம் கிடையாது. நம் ஊரில் அந்த இடங்களில் அரளியை நடுகிறார்கள். அதன் ஒவ்வொரு பாகமும் நஞ்சு. நெடுஞ்சாலை நடுத்திட்டில் அரளி இருப்பது நியாயம். வறட்சியைத் தாங்கும், மாடு மேயாது, எதிர் வண்டியின் வெளிச்சத்தை மறைக்கும். அங்கே கொண்டுபோய் வெட்சியை நட்டால் லாரி லாரியாகத் தண்ணீர் அடிக்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் நிலம், ராமநாதபுரம் மாதிரி வெயில் காயும் ஊர், களிமண்ணில் தண்ணீர் கட்டும் பள்ளம், இங்கெல்லாம் வெட்சியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கும் இது ஆகாது. வறண்ட இடத்துக்கு ஆவாரை இருக்கிறது, விராலி இருக்கிறது, நொச்சி இருக்கிறது. மூன்றும் இதே தமிழ் நிலத்துச் செடிகள்தான், அழகில் குறைந்தவையும் இல்லை. நர்சரிக்காரர்கள் 'அது காட்டுச் செடி சார்' என்று முகம் சுளிப்பதால் யாரும் நடுவதில்லை. வெட்சிக்கு மட்டும் எப்படியோ நகரத்துக்குள் நுழைய அனுமதி கிடைத்துவிட்டது.

நாட்டு வெட்சிக் கன்று வேண்டும் என்றால், பழைய வீட்டிலோ கோயில் நந்தவனத்திலோ நிற்கும் செடியிலிருந்து கேட்டு வாங்குவதுதான் சுலபம். பென்சில் கனத்தில், ரொம்ப இளசும் இல்லாமல் முற்றியதும் இல்லாமல் ஒரு போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய குச்சி. அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்த கவரில் ஊன்றி, நிழலில் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். ஆடி, ஆவணியில் செய்தால் அடைமழைக்குள் வேர் பிடிக்கும். பொறுமை இருந்தால் தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியன் போடலாம். அதில் தவறு நேர்வது குறைவு.

எங்கள் குடியிருப்பில் நடைபாதை வரிசையை யாரும் தொட விடவில்லை. ஒப்பந்தத்தில் மாதம் ஒரு வெட்டு என்று எழுதியிருக்கிறதாம். பின்பக்கம், தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருந்த பத்துச் செடிகளை மட்டும் கெஞ்சிக் கேட்டு வாங்கினோம். அடியிலிருந்த ஜல்லியைத் தோண்டி எடுத்ததில் இரண்டு செடி பட்டுப்போனது. மிச்ச எட்டுக்கும் சருகு மூடாக்கு, மொட்டை மாடித் தொட்டியின் மழைத் தண்ணீர், இரண்டு முறை அன்னபேதி. ஒன்றரை வருடம் கத்தரி படவில்லை. இப்போது மோட்டார் அறை ஜன்னல் தெரியாத அளவுக்குச் சிவப்பு. போன கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. பாராட்டப் போகிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். செடியில் முசுறு கூடு கட்டியிருக்கிறது, மோட்டார் போடப் போனால் கடிக்கிறது, உடனே வெட்ட வேண்டும் என்று மூன்றாவது மாடிக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார்.